தூண்டில் கேள்வி-பதில்: விடப்போகும் மீனுக்கு எந்தக் கொக்கி?

கேள்வி: கடையில் வாங்கிய லூரில் (மீன் வடிவச் செயற்கை இரை) மும்முனைக் கொக்கி இரண்டு இருக்கிறது. பீக்காக் பாஸ் மீன் பிடித்தால் விட்டுவிடுவேன். ஒற்றைக் கொக்கிக்கு மாறலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: தாராளமாக. மும்முனையில் ஒரு முனை உதட்டில் ஏறினால், மீன் துள்ளும்போது மற்றொன்று கண்ணிலோ செவுளிலோ குத்தும். கழற்றவும் நேரம் பிடிக்கும். நம் சிங்கப்பூரின் வெதுவெதுப்பான நீரில் ஆக்ஸிஜனே குறைவு. போராடிக் களைத்த மீனை அந்த நேரம் முழுக்கக் காற்றில் வைத்திருப்பது பெரிய கொடுமை.

'இன்லைன்' கொக்கி என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கொக்கியை லூரின் வளையத்தில் மாட்டினால் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இதன் காது (வளையம் கோக்கும் துளை) திருப்பி அமைக்கப்பட்டிருப்பதால் நேராகத் தொங்கும். பழையதைவிட ஓரிரு அளவு பெரிதாக எடுங்கள். வயிற்றுக் கொக்கியின் முனை லூரின் தலைப் பக்கம் பார்க்கட்டும், வால் கொக்கியின் முனை மேலே பார்க்கட்டும்.

எடையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நீருக்கு நடுவில் அப்படியே நிற்கவேண்டிய லூர், கொக்கி இலேசானால் மேலே மிதந்து வரும். பழையதையும் புதியதையும் சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் கொஞ்சம் கனமான வளையம் போடலாம். அப்புறம் கரையோரம் காலடியில் இழுத்து, ஆட்டம் சரியா என்று பார்த்த பிறகே வீசுங்கள்.

கேள்வி: எதிர்முள்ளை (கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்) நசுக்கினால் மீன் தப்பிவிடாதா? (ஈசூன் வாசகர்)

பதில்: சில தப்பும். கயிறு தளராமல் பார்த்துக்கொண்டால் அந்தச் சில இன்னும் குறையும். கொடுவா (நம் சந்தையில் சியாக்காப்) எகிறித் தலையை உதறும்போது தூண்டில் கோலின் நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். நசுக்கும்போது இடுக்கியால் மெல்ல அழுத்துங்கள். ஒரே அமுக்காக அமுக்கினால் கொக்கி நுனியே ஒடியலாம். பிறகு பழைய துணியில் குத்தி இழுங்கள். நூல் சிக்காமல் வந்தால் வேலை முடிந்தது. புதுக் கொக்கி வாங்கக் காசில்லையென்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். பிடோக் படகுத்துறைக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழலும்!

கேள்வி: தோமானுக்கு ஒற்றைக் கொக்கி தாங்குமா?

பதில்: மெல்லிய கம்பி நிமிர்ந்துவிடும். தடித்த கம்பியாகப் போடுங்கள். தோமான் விரால் குடும்பம். காற்றைச் சுவாசிக்கும், ஆகவே வெளியே கொஞ்சம் தாங்கும். அதற்காகச் சுடுகிற சிமெண்டில் கிடத்தாதீர்கள். மேல்வழுவழுப்பு போனால் நோய் தொற்றும். இன்னொன்று: சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பது தெரிந்தால் அங்கே வீசவே வேண்டாம். தாய் தந்தை காவலுக்கு நிற்கும். அவற்றில் ஒன்றைத் தூக்கினால், திருப்பி விடுவதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். அந்த இடத்தில் எந்தக் கொக்கி போட்டும் பயனில்லை.

கேள்வி: கொக்கியை விழுங்கிவிட்டால்?

பதில்: தொண்டைக்குள் தோண்டாதீர்கள். வாயருகே கயிற்றை வெட்டி விட்டுவிடுங்கள். இதனால்தான் விடுவதற்குப் பிடிப்பவர்களுக்கு துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி வேண்டாம் என்கிறேன். சாதாரணக் கொக்கி நாளடைவில் அரித்துப்போகும்.

கேள்வி: நீர்த்தேக்கத்தில் உயிர் இறால் போடலாமா?

பதில்: கூடாது. நீர்த்தேக்கங்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துள்ள இடங்களில் மட்டும், செயற்கை இரையால் மட்டும்.