கப்பலில் உயிர் காக்கும் சாதனங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், மூன்றாம் அதிகாரியாக முதல் கப்பலில் ஏறப்போகிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: லைஃப் ராஃப்ட், அதாவது பெட்டிக்குள் மடித்து வைத்த உயிர்காப்பு மிதவை, எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். கப்பல் மூழ்கும்போது, 4 மீட்டர் ஆழத்துக்குள் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்னும் சிறு கருவி நீரழுத்தத்தில் இயங்கி, பெட்டியைக் கட்டியிருக்கும் பட்டையை விடுவிக்கும். பெட்டி மேலே மிதந்து வரும், ராஃப்ட்டைக் கப்பலோடு இணைக்கும் பெயின்டர் என்னும் கயிறு இழுபட்டு ராஃப்ட் விரியும். அப்புறம் வீக் லிங்க், அதாவது இழுத்தால் அறுவதற்கென்றே வைத்த பலவீனமான இணைப்பு, அறுந்து ராஃப்ட் தனியாகப் பிரியும். பெயின்டரை வீக் லிங்க்கில் மாட்டாமல் நேராக டெக்கில் கட்டியிருந்தால், விரிந்த ராஃப்ட்டையும் கப்பல் தன்னோடு கீழே இழுத்துவிடும். சான்றிதழ்கள் எல்லாம் சரியாக இருக்கும்போதும் இந்தத் தவறு இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். ரிலீஸின் காலாவதித் தேதியும் முக்கியம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகைக்குப் பொதுவாக 2 வருடம்தான் ஆயுள்.

கேள்வி: தேதி முடிந்த பாராசூட் ராக்கெட்டுகளை, அதாவது ஆபத்தில் உதவி கேட்டு வானில் சுடும் சிவப்பு விளக்குகளை, பயிற்சிக்குச் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்க்கும் கப்பல் உங்களைக் காப்பாற்றத் திரும்பி வரும். பழைய வெடிமருந்து கையிலேயே வெடிக்கவும் கூடும். கரையில் ஒப்படைத்துவிடுங்கள். கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் தேதி முடியாத 12 ராக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: உயிர் காக்கும் படகிலும் ராஃப்ட்டிலும் ஆளுக்கு எவ்வளவு குடிநீர் இருக்க வேண்டும்?

பதில்: லைஃப் போட்டில் 3 லிட்டர், ராஃப்ட்டில் ஒன்றரை லிட்டர்.

கேள்வி: என் மகன் கப்பலில் இருக்கிறான். கப்பலின் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மயங்கி இறந்ததாகப் படித்தால் பயமாக இருக்கிறது. அதைத் தடுக்கக் கருவி இல்லையா?

பதில்: இருக்கிறது அம்மா. உள்ளே இருக்கும் காற்றை அளக்கும் கையடக்க வாயுமானி, கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் விதிப்படி 2016 ஜூலை முதல் கட்டாயம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். மூடிய இடத்தில் இரும்பு துருப்பிடித்தாலே அது குறைந்துவிடும். மரச் சரக்கும் நிலக்கரியும் அப்படித்தான். வாசனை எதுவும் வராது. இறங்கும் முன் குழாய் விட்டு மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். இஇபிடி (EEBD) என்னும் சிறு சுவாசக் கருவி தப்பி ஓடுவதற்கு மட்டும்தான், அதை மாட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. மகனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: உள்ளே நண்பன் விழுந்து கிடந்தாலும் பின்னாலேயே குதிக்கக் கூடாது, அலாரம் அடித்து, மீட்புக்கான முழு சுவாசக் கருவியோடு மீட்புக் குழு வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். காப்பாற்றப் போனவர்களே பல விபத்துகளில் அடுத்தடுத்து இறந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் இபிர்ப் கருவி தவறுதலாக இயங்கிவிட்டால்?

பதில்: அணைத்துவிட்டு உடனே மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள், உங்கள் கப்பலின் அடையாளம் செயற்கைக்கோள் வழியே ஏற்கெனவே போயிருக்கும்.