வானத்து டவருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் நாங்கள். எங்கள் லயத்தில் (எஸ்டேட் வரிசை வீடுகளில்) சிக்னல் கிடையாது. பேச வேண்டுமானால் மேலே ரோட்டு வளைவு வரை ஏற வேண்டும். தானாகவே பறந்து, வானத்தில் நின்று நெட்வொர்க் தரும் ட்ரோன் ஏற்பாடு செய்வதாக ஒருவர் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். யாராவது ஃபோன் வழியாக ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணில் புகார் செய்யுங்கள்.

ட்ரோன் சிக்னலை உற்பத்தி செய்வதில்லை. ஆன்டெனாவை உயரத்தில் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆன்டெனாவுக்கு இணைப்பு வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பாட்டரியில் பறப்பது பொதுவாக 20 முதல் 40 நிமிடத்தில் இறங்கிவிடும். தானியங்கி என்றால் தானே ஏறும், தானே இறங்கும், பாட்டரி கூடிவிடாது. உங்கள் மலையில் நெட்வொர்க் அடியோடு போவது எப்போது? ஆடி மாதக் காற்றிலும் மழையிலும். அந்தக் காற்றில் ட்ரோன் நிற்காது.

ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோத் தீவைச் சூறையாடிய பிறகு, ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அங்கே ட்ரோன் ஏற்றி செல்போன் சேவை கொடுத்தது. உங்களிடம் காட்டப்படும் வீடியோ இது போன்ற ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த ட்ரோன் தரையோடு கம்பியால் கட்டப்பட்டது. மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே மேலே போனது. ஏற்றியது அலைவரிசை உரிமம் உள்ள நிறுவனம். அதுவும் பேரிடருக்குப் பிந்தைய தற்காலிக ஏற்பாடு. லயத்துக்காரர்கள் பணம் திரட்டி வாங்கும் பொருளல்ல அது. செல்போன் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். பறக்கவிடுவதற்கு 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் தனியாக இருக்கின்றன. வழக்கு வந்தால் ஏஜென்ட் இருக்க மாட்டார், நீங்கள்தான் நிற்பீர்கள்.

ட்ரோன் வேண்டாம் என்றதும் அதே ஆள் பையிலிருந்து சிக்னலைக் கூட்டும் 'பூஸ்டர்' பெட்டியை எடுப்பார். அனுமதியில்லாத பூஸ்டரும் சட்டவிரோதம்தான். பக்கத்து டவரின் சேவையையும் அது கெடுக்கும். டவர் அமைக்க அனுமதிக் கடிதம் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) முத்திரையோடு எதையாவது நீட்டினால் அது போலி. டிராய் அப்படிக் கடிதம் தருவதே இல்லை.

சரி, என்ன செய்வது? ரோட்டு வளைவு வரை பி.எஸ்.என்.எல். அல்லது கேரள அரசின் கேஃபோன் ஃபைபர் வந்திருக்கிறதா என்று உள்ளூர் கேபிள் ஆபரேட்டரிடம் கேளுங்கள். வந்திருந்தால், வளைவிலிருந்து லயம் கண்ணுக்குத் தெரிகிற பட்சத்தில், இரண்டு பக்கமும் சிறு டிஷ் வைத்து வைஃபை அலையிலேயே அவர் இணைப்பைக் கொண்டுவரலாம். நடுவில் மரமோ மேடோ மறைக்கக் கூடாது. செல்போனில் வைஃபை காலிங் வசதியைப் போட்டுவிட்டால் டவர் இல்லாமலே பேசலாம். லயத்து வைஃபை பெட்டிக்கும் வளைவில் உள்ள பெட்டிக்கும் இன்வெர்ட்டர் கட்டாயம்.

சேவையே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022-இல் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் தன் ஊர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே ஒரு தொழிலாளி அரைநாள் கூலியை விட்டு அலைய வேண்டியிருப்பது அநியாயம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மின்சாரம் இல்லாமல் செல்போன் சேவை முடங்கிக் கிடந்தது. செய்தி வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. எழுபது உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் மலைக்கு டவர் கேட்டால் லாபக் கணக்குப் பார்ப்பவர்களை எனக்குப் பொறுக்கவில்லை.

கிராம சபையில் தீர்மானம் போட்டு பி.எஸ்.என்.எல். அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். டவர் வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள்; கரன்ட் போனால் எத்தனை மணி நேரம் பாட்டரி தாங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மனு வாங்கியதற்கான எண்ணைக் கேட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.