விந்தணு மரபியல் படிக்க விரும்பும் மகள்: கடலூர்த் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் முடிக்கிறாள். ஆண்களின் குழந்தையின்மைக்கு மரபணுவில் அடையாளம் தேடும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். "பொண்ணு இதையா படிக்கிறது, வரன் பார்க்கிறவங்க கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணு ஆராய்ச்சி என்று நிமிர்ந்து சொல்லுங்கள். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. பழி மட்டும் இன்னும் பெண் தலையில்தான் விழுகிறது.

அவள் கையில் பெரும்பாலும் இருக்கப்போவது ரத்தம். விந்தணு மி.லி.க்கு 50 லட்சத்துக்கும் கீழே உள்ளவரின் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்து, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமில், விந்தணு உருவாகத் தேவையான ஏஇசட்எஃப் ஏ, பி, சி பகுதிகள் இருக்கின்றனவா என்று பிசிஆரில் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) பார்ப்பார்கள். ஏ பகுதி முழுதாக இல்லையென்றால் விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. சி மட்டும் இல்லையென்றால் கிடைக்கலாம். ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும்.

அந்தப் பகுதி இருந்தால், பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் ஒரு பட்டையாகத் தெரியும். இங்கே பட்டை தெரியாததுதான் நோய்க்கு அடையாளம். பிசிஆர் ஓடாமல் போனாலும் பட்டை தெரியாது! ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுக்காமல் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து உள்ள பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அதுவே வினையைக் கெடுத்துவிடும். அதனால்தான் வினை ஓடியதா என்று தெரிய, கூடவே ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணுவையும் ஓட்டி, பக்கத்தில் ஓர் ஆண், ஒரு பெண், வெறும் தண்ணீர் என மூன்று ஒப்பீடும் வைப்பார்கள்.

புது அடையாளம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். சி பகுதியில் ஜிஆர்/ஜிஆர் என்றொரு சிறு இழப்பு உண்டு. சில மக்களிடம் அது விந்தணுக் குறைவோடு சேர்ந்து வருகிறது. ஜப்பானில் ஒரு ஒய் வம்சாவளியில் (ஒரே வகை ஒய் குரோமோசோம் தந்தை வழியாக வந்த ஆண்கள்) எல்லோருக்குமே இருக்கிறது, அவர்களுக்குப் பிள்ளைகளும் பிறக்கின்றன. எனவே நம் பகுதியில் குழந்தை பெற்ற ஆண்களின் மாதிரிகளை ஒப்பிடாமல் எதையும் அடையாளம் என்று சொல்லக் கூடாது. புள்ளியியலை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

எம்.எஸ்சி.க்கு வெகுதூரம் போக வேண்டாம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு க்யூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள உயிரியல் ஆராய்ச்சி நிறுவனமான சிசிஎம்பி போன்ற இடங்களில் பிஎச்.டி. செய்யலாம். உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி. சேர்க்காதீர்கள்; இடையில் நின்றுபோக அதுவே காரணமாகிவிடும். கருத்தரிப்பு மையத்தில் கருவை ஆய்வகத்தில் வளர்க்கும் கருவியலாளர் (எம்ப்ரியாலஜிஸ்ட்) வேலைதான் ஆசை என்றால் அதற்குப் படிப்பே வேறு.

சேரும் முன் துறையில் ஒன்று கேளுங்கள்: கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில் மாணவிகள் தாங்களே டிஎன்ஏ பிரிக்கிறார்களா, நின்று பார்க்கிறார்களா? பார்ப்பதோடு சரி என்றால் அந்த இடம் வேண்டாம்.