41 குன்றுகளின் ஊருக்குப் போகிறீர்களா? தாஸா-ஸூமே பயணம்: கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கொத்தொனூ நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கி.மீ. போனால் தாஸா-ஸூமே. 41 குன்றுகளின் ஊர் என்று பெயர். 1954 முதல் இங்குள்ள அரிக்போ மாதா கெபிக்கு (மாதா சிலை வைத்த குகைக் கோயில்) நாடு முழுவதிலிருந்தும், பக்கத்து நாடுகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கே: சார், எந்த மாசம் போனா நல்லது? ஆகஸ்ட் திருவிழாதான் விசேஷம்னு சொல்றாங்க.

எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரிய யாத்திரை ஆகஸ்ட் நடுவில், மாதா விண்ணேற்பு திருநாளான 15-ஆம் தேதியை ஒட்டிய வார இறுதியில் நடக்கும். சரியான தேதியை மறைமாவட்டம் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும். ஜெபமாலை, சிலுவைப்பாதை, மெழுகுவர்த்திப் பவனி, விடிய விடியப் பாட்டு எல்லாம் அப்போதுதான். ஆனால் அந்த மூன்று நாளில் குன்று ஏறவோ ஊர் அரசரின் அரண்மனை பார்க்கவோ வழிகாட்ட யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். அறையும் கிடைக்காது.

ஊரையும் குன்றுகளையும் பார்க்க நவம்பர்தான் என் தேர்வு. மழை நின்றிருக்கும், பச்சை காய்ந்திருக்காது, ஹார்மட்டான் தூசியும் தொடங்கியிருக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வரும் அந்தக் காற்று வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். உச்சியில் நின்றாலும் அடுத்த குன்று மங்கலாகத்தான் தெரியும். மார்ச்சில் வெயில் கொளுத்தும். ஏப்ரலுக்குப் பிறகு மழை.

இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்று திட்டம் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கே: விசா, ஊசி விவரம் சொல்லுங்க அண்ணா. சென்னையிலிருந்து கிளம்புறோம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். பெனின் அரசின் இ-விசா தளத்தில் விண்ணப்பிக்கலாம். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் நிறைய. தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருந்தால் உள்ளே போகாதீர்கள், கட்டணம் இரட்டிப்பாகும். பக்கத்து டோகோவுக்கும் ஒரு நடை போய்வரும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழையும் விசாவே எடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு நிலவரம் கேட்டுவிட்டுப் போங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

அந்தப் புத்தகம் திரும்பி வரும்போதுதான் இன்னும் முக்கியம். பெனின், நம் அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கையில் இருக்கட்டும்.

கே: கொத்தொனூவில் இறங்கிட்டு தாஸாவுக்கு எப்படி? ரயில் இருக்கா?

தண்டவாளம் தாஸா வழியாக வடக்கே பராகூ நகர் வரை போகிறது. பயணிகளுக்கு ரயில் ஓடுவதில்லை. பஸ், ஷேர் டாக்சி, தனி வண்டி மூன்றில் ஒன்றுதான்.

பராகூவுக்கும் நாத்தித்திங்கூவுக்கும் போகும் நீண்டதூர பஸ்கள் விடியற்காலையில் கிளம்பும். டிக்கெட்டை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். தாஸாவில்தான் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பராகூ பக்கம், இன்னொன்று சவாலூ வழியாக நாத்தித்திங்கூ பக்கம். ஆகவே இரண்டு வழி பஸ்ஸும் உங்களுக்கு ஆகும். தாஸா 'கார்ஃபூர்' என்று நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள், அங்கே ரவுண்டானாவில் இறக்கிவிடுவார்கள். நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும்.

ஷேர் டாக்சியில் ஒரு சங்கதி. ஐந்து பேர் காரில் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் என்பதுதான் வழக்கம். நிறைந்தால்தான் நகரும். நெருக்கடி முடியாதென்றால் இரண்டு 'பிளாஸ்' (இருக்கை) காசு கொடுத்து முன்சீட்டை முழுதாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெட்டிக்குத் தனிக்காசு கேட்பார்கள், ஏறுமுன் பேசிவிடுங்கள்.

எதில் போனாலும் இருட்டுமுன் சேர்ந்துவிட வேண்டும். வடக்கே சரக்கு ஏற்றிப்போகும் லாரிகளின் தடம் இது. பழுதாகி விளக்கில்லாமல் சாலையிலேயே நிற்கும் லாரிகளில் மோதித்தான் இரவில் விபத்துகள் நடக்கின்றன.

ஊருக்குள் செமிஜான் என்ற பைக் டாக்சி. ஏறுமுன் விலை, இறங்கியபின் காசு. ஹெல்மெட் பயணிக்குத் தர மாட்டார்கள். சாலையோரத்தில் கண்ணாடிக் குடுவைகளில் மஞ்சளாக அடுக்கியிருப்பது எண்ணெய் அல்ல. நைஜீரியாவிலிருந்து வரும் சில்லறைப் பெட்ரோல். பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைக்காதீர்கள்.

கே: அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. மாதாவைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. மலை ஏறணுமாங்க?

கெபிக்கு ஏற வேண்டாம். பாறைக் குன்றின் அடிவாரத்தில், லூர்து கெபியின் மாதிரியில் அமைத்தது. மாதா பிறவிப் பாவமின்றி உருவானவர் என்ற அமலோற்பவ விசுவாசக் கோட்பாடு அறிவிக்கப்பட்ட 1854-இன் நூற்றாண்டில் தொடங்கியது இந்த யாத்திரை. கெபியை ஒட்டிப் பெரிய கோயிலும், வெளியில் விரிந்த திடலும் இருக்கின்றன. அம்மா குன்றில் ஏறும் பாதையை விட்டுவிட்டுக் கீழேயே இருந்து ஜெபிக்கலாம்.

ஆனால் பெருவிழா நாட்களில் கூட்டிப்போக வேண்டாம் என்பேன். திடலில் பாய் விரித்துப் படுப்பவர்களே அதிகம். கழிப்பறைக்கு வரிசை நீளும். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கடைசித் தூரம் நடைதான். சாதாரண வாரநாள் காலையில் போனால் கெபி முன்னால் பெஞ்சில் நிம்மதியாக உட்காரலாம்.

திருவிழாவுக்கே போயாக வேண்டுமென்றால்: மடக்கு நாற்காலி ஒன்று, ஆகஸ்ட் மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, டார்ச், டிஷ்யூ, கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் சில்லறை. மெழுகுவர்த்தி அங்கேயே விற்பார்கள். அறையை மாதக்கணக்கில் முன்னதாகப் பிடிக்க வேண்டும். தாஸாவில் இல்லையென்றால் சுமார் 30 கி.மீ. தள்ளியுள்ள சவாலூவில் பாருங்கள், ஆனால் அங்கேயும் ஆகஸ்ட் 15-தான் புதுக் கிழங்குத் திருவிழா. அதனால் தெற்கே கொத்தொனூ சாலையில் உள்ள போயிகோனில் தங்கி விடிகாலையில் வருவதே நடக்கிற காரியம்.

தீர்த்தம் கொண்டுவர விரும்பினால் திருகுமூடி உள்ள சின்ன புட்டிகள் எடுத்துப்போங்கள். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். குடிப்பதாக இருந்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பக்திக்கு அதில் குறைவில்லை.

உடை: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். யாத்திரைக்கென்று அச்சடித்த 'பாஞ்' துணி கட்டியவர்கள் எங்கும் தெரிவார்கள். ஒரு பாஞ் என்பது இரண்டு கஜம். அரைப்பீஸ் என்று கேட்டால் ஆறு கஜம் கிடைக்கும். இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு பாஞ் போதும், தைக்கத்தான் அரைப்பீஸ்.

கே: நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் குழம்பை நம்பாதீர்கள். கீரைக் குழம்பில்கூட கருவாட்டுத்தூளோ இறால்பொடியோ போட்டிருப்பார்கள். 'இறைச்சி இல்லை' என்று அவர்கள் சொல்லும்போது மீனை அதில் சேர்ப்பதில்லை. 'வியாந்து (இறைச்சி) இல்லை, புவாசோன் (மீன்) இல்லை, கிரெவெத் (இறால்) இல்லை' என்று பிரெஞ்சுப் பெயர் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சூப் கட்டியையும் கேளுங்கள், பலதும் கோழிச் சாறு.

இந்தப் பக்கம் பெயர் பெற்றது இடித்த கிழங்கு. இஞாம் என்ற பெருவள்ளிக்கிழங்கை அவித்து, மர உரலில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி உலக்கையால் இடித்து, இழுபடும் உருண்டையாக்குவார்கள். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். கூட நிலக்கடலைக் குழம்பு. காலையில் தெருவோரத்தில் தட்டைப்பயறு அரைத்துச் சுட்ட அக்காரா, அரிசியும் பயறும் சேர்த்து வெந்த அத்தாசி (மேலே போடும் காரச் சாற்றை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்), பழுத்த வாழைக்காய் வறுவல். புலானி மாட்டுக்காரப் பெண்கள் விற்கும் வாகாசி என்ற பாலாடைக்கட்டி வெளியே சிவப்பாக இருக்கும். அது சோளத் தட்டையின் சாயம்தான். பொரித்தால் உருகாது. பச்சையாகத் தின்னாதீர்கள், பொரித்ததே வாங்குங்கள்.

கே: குன்று ஏற வழிகாட்டி அவசியமா? ஒத்தையா ஏறிடலாம்ல? ட்ரோன் கொண்டு போகலாமா?

ஏறலாம் என்பது வேறு, ஏற விடுவார்களா என்பது வேறு. பல குன்றுகள் வழிபாட்டு இடங்கள். உச்சியில் ஒரு மரத்தடியில் நாலு கல், ஒரு பானை மட்டும் இருக்கும். நீங்கள் தாண்டிப்போனதற்கு அபராதம் கேட்டுப் பஞ்சாயத்து ஆகும். இதாஷா மக்களின் ஊர் இது, யொருபா இனத்தின் ஒரு கிளை. தெற்கே அபோமேயிலிருந்து ஆண்ட தகோமே அரசின் அடிமைவேட்டைப் படைகளிடமிருந்து இந்தக் குன்றுகள்தான் அவர்களுக்கு அடைக்கலம் தந்தன. அதைத் தெரிந்து ஏறினால் பாறை இடுக்குகள் வேறு மாதிரி தெரியும்.

தங்குமிடத்தில் கேட்டால் வழிகாட்டியை ஏற்பாடு செய்வார்கள். கூலி, அரண்மனைக் காணிக்கை, குன்றுக்கான காசு மூன்றும் ஒரே தொகையில் அடக்கமா என்று கிளம்புமுன் பேசுங்கள். காலை ஆறரைக்கே தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் கருங்கல் சூடேறிவிடும். உயரம் பெரிதில்லை, வழுக்கல்தான் ஆபத்து. மழை நின்று பாறை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கறுத்த பாசித்தடத்தில் கால் வைக்காதீர்கள். ஏறுவது சுலபம், விழுவதெல்லாம் இறங்கும்போது. ரப்பர் அடி ஷூ, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

ட்ரோனுக்கு அரசு அனுமதி வேண்டும். வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கே: வூடூ பூமின்னு பயமா இருக்கு. கெபிக்குப் பக்கத்திலேயே அதெல்லாம் நடக்குமா?

பயப்பட ஒன்றுமில்லை, மரியாதை தெரிந்தால் போதும். வூடுன் இங்கே ஒரு மதம். பெரியம்மைக்கும் மண்ணுக்கும் உரிய சக்பதா தெய்வம் தகோமேக்கு இந்தத் தாஸா பக்கத்திலிருந்துதான் போனது என்பது மரபு. காலையில் பூசைக்குப் போய், மாலையில் குலதெய்வத்துக்கு எண்ணெய் ஊற்றுபவர்களும் உண்டு.

எகுங்குன் என்ற முன்னோர் வேடம் எதிர்ப்பட்டால் மட்டும் கவனம். தலை முதல் கால் வரை துணி மூடிய அந்த உருவம் இறந்தவரே திரும்பி வந்ததாக நம்பிக்கை. துணி மேலே படக்கூடாது. கூடவே கம்புடன் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவார். அவர் கம்பு நீளத்துக்கு அப்பால் நில்லுங்கள். துரத்தினால் பின்வாங்குங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஆர்வமிருந்தால் சவாலூவைத் தாண்டி வடக்கே சாலையோரம் உள்ள டங்கோலியைப் பாருங்கள். எண்ணெய்க் கறையேறிய மேட்டில் ஆயிரக்கணக்கான மரமுளைகள் அடித்திருக்கும். வேண்டுதலைச் சொல்லியபடி முளையை அடித்து, செம்பனை எண்ணெய் ஊற்றி, சோடாபி சாராயத்தை வாயில் வைத்து அதன் மேல் ஊத வேண்டும். நிறைவேறினால் திரும்பிவந்து சொன்னதைச் செலுத்தியாக வேண்டும். திரும்ப வரமாட்டீர்கள் என்றால் வேடிக்கைக்காக வேண்டிக்கொள்ளாதீர்கள்.

கே: லாகோஸில் வேலை செய்றேன். ரோடு வழியா வரலாமா?

செமே எல்லை வழியாக வரலாம். பெனின் விசா எடுத்தால் மட்டும் போதாது, நைஜீரியாவுக்குத் திரும்ப நுழையும் அனுமதி உங்கள் பாஸ்போர்ட்டில் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். நிறையப் பேர் மாட்டுவது திரும்பும்போதுதான். இரண்டு பக்கமும் முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

கே: மலேரியா மாத்திரை கட்டாயமா?

ஆம், ஆண்டு முழுவதும் ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை மலேரியா உள்ள நாடு. குளோரோகுயின் அங்கே பலிக்காது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பி ஏழு நாள் வரை. டாக்சிசைக்கிளின் 100 மி.கி. என்றால் தினம் ஒன்று, திரும்பிய பிறகும் நான்கு வாரம். பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. டாக்சிசைக்கிளினைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் சீக்கிரம் கன்றும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது. எது உங்களுக்கென்று மருத்துவர் சொல்லட்டும். ஊர் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கே: பணம், சார்ஜர்?

சிஎஃப்ஏ ஃப்ராங்க், ஒரு யூரோ 655.957 என்று நிலையாகக் கட்டியது. ஆகவே டாலரைவிட யூரோ கொண்டுபோவது மேல். கொத்தொனூவிலேயே மாற்றி, 500, 1000 தாள்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10,000 தாளை நீட்டினால் தாஸா கடைக்காரர் சில்லறை தேடித் தெருவையே சுற்றுவார். பிளக் பிரெஞ்சு வகை. நம் ஊர் மூன்று முள் போகாது. மெல்லிய இரண்டு உருளை முள் சார்ஜர் போகும்.

கே: அப்படியே வடக்கே பென்ஜாரி காட்டுக்கும் போயிடலாமா?

வேண்டாம். வடக்கு எல்லைப் பகுதிகளில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் நடக்கின்றன. மிச்ச நாளைத் திரும்பும் வழியில் அபோமேக்குக் கொடுங்கள். போயிகோனிலிருந்து 9 கி.மீ., செமிஜானில் போய்விடலாம். தகோமே அரசர்களின் அரண்மனைகள், 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சீரமைப்பு வேலையால் உள்ளே விடுகிறார்களா என்று போயிகோனிலேயே விசாரித்துவிட்டு ஏறுங்கள்.