மெஃபெட்ரோன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மும்பைப் பக்கம் 'எம்டி' என்கிறார்களே, அது எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏவா?

இல்லை, மெஃபெட்ரோன் என்ற ஊக்கப் போதைப்பொருள். 2015 பிப்ரவரியில் நம் போதைப்பொருள் தடைச் சட்டத்துக்குள் வந்தது.

கேள்வி: காத் இலையில் இருப்பதுதான், இயற்கையானது என்கிறான் நண்பன்.

காத் இலையில் இருப்பது கேத்தினோன் என்ற ஊக்கப்பொருள். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் அந்த இலையைப் பச்சையாகவே மெல்லுவார்கள். காயக் காய கேத்தினோன் வீரியம் குறைந்த கேத்தினாக மாறிவிடும். மெஃபெட்ரோன் எந்தச் செடியிலும் விளைவதில்லை. 1929இல் ஆய்வகத்தில் உருவானது. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வேதியியல் மாணவி. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப்பொருளிலிருந்து மெஃபெட்ரோன் எப்படி வேறுபடுகிறது?

இரண்டுக்கும் மூலக்கூறின் எலும்புக்கூடு ஒன்றுதான். வளையத்தை அடுத்த கார்பனில் ஒரு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் உட்கார்ந்தால் கேத்தினோன் குடும்பம். அந்தக் கீட்டோனால் மூலக்கூறு கொழுப்பில் கரைவது குறைகிறது. மூளைக்குள் நுழைவதும் பொதுவாகச் சிரமமாகிறது. வீரியம் குறைவுதானே என்று அளவைக் கூட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புகைப்பழக்கத்தைக் கைவிட மருத்துவர்கள் தரும் புப்ரோப்பியானும் இதே குடும்பம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: ஒருமுறை எடுத்தவர்கள் ஏன் இரவு முழுக்க எடுக்கிறார்கள்?

நரம்பு முனைகளில், மனநிலையை இயக்கும் வேதிப்பொருட்களான டோபமினையும் செரட்டோனினையும் உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் உண்டு. மெஃபெட்ரோன் அவற்றைத் தலைகீழாக ஓடவிடுகிறது. இரண்டும் வெளியே கொட்டுகின்றன. (இதே குடும்பத்து எம்டிபிவி என்ற போதைப்பொருள் அப்படியல்ல, வழியை அடைத்து வைக்கிறது.) உற்சாகம் இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். மனம் சரியும் அந்த நேரத்தில் அடுத்த பொட்டலம். இதயம் முந்தைய சுமையிலிருந்தே மீண்டிருக்காது. இந்தப் பொருளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். தூக்கமில்லாமல் நாட்கள் ஓடினால் சந்தேகமும் மாயக்குரல்களும் வரும்.

கேள்வி: விடுதியில் ஒருவனுக்கு உடம்பு கொதிக்கிறது, உளறுகிறான். தூங்கவிடலாமா?

விடாதீர்கள், இப்போதே 108ஐ அழையுங்கள். சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு, விசிறுங்கள். உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். குடம் குடமாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். கட்டிப் போடவும் கூடாது, திமிறத் திமிற வெப்பம் கூடும். முறிமருந்து கிடையாது. ஹெராயினுக்குத் தரும் நலாக்சோன் இதை முறிக்காது. மருத்துவமனையில் டயசிபாம் வகை அமைதிப்படுத்தும் மருந்தும் குளிர்விப்பும்தான் சிகிச்சை. என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் விட விரும்புகிறான். சிகிச்சைக்குப் போனால் வழக்கு வருமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா.

பயப்படாதீர்கள் அம்மா. சிறிய அளவு தொடர்பான குற்றம் மட்டும் என்றால், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு போதைப்பொருள் தடைச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். போதை மீட்பு உதவி எண்ணான 14446க்கு இன்றே பேசுங்கள். போதைப்பொருளை நிறுத்திய முதல் வாரங்களில் மனச்சோர்வு கடுமையாக இருக்கும். அந்த நாட்களில் அவனைத் தனியே விடாதீர்கள்.