மீனுக்காக தூர்வாராம விடுறாங்களா? ஆத்தங்கரை வீட்டுக்காரரோட கேள்வி

கேள்வி: எங்க வீட்டுல இருந்து ஆறு நூறடி தூரந்தான், மூணு வருஷத்துல ரெண்டு தடவ தண்ணி உள்ள வந்துருச்சு. ஆழமா தூர்வாரி, வளைவ நேராக்கி, விழுந்து கெடக்குற மரத்தையெல்லாம் எடுத்துடுவோம்னு சொன்ன உள்ளாட்சிக்காரங்க, இப்ப மீன் முட்டை போடுற இடம்னு சொல்லிட்டு கரையவே பின்னாடி தள்ளி கட்டப்போறாங்களாம். மனுஷன விட மீன் பெருசா போச்சா?

பதில்: கோவம் நியாயந்தான், வீட்டுக்குள்ள சேறு அள்ளினவங்களுக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும். ஆனா அந்த ஆத்துல ஒரு மீன் கூட இல்லன்னாலும் பழைய பிளான வேணாம்னுதான் நான் சொல்லியிருப்பேன்.

ஆத்தோட பள்ளம் பொதுவா ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளத்துக்கு ஏத்த அளவுலதான் இருக்கும், பெரிய வெள்ளம்னு வந்தா தண்ணி அதவிட பல மடங்கு, அது கரை தாண்டி பரவியே தீரும். ரெண்டடி தோண்டினா கூடுற இடம் அதுக்கு முன்னாடி சொற்பம், அதுவும் அடுத்த வெள்ளத்துல மேலேர்ந்து வர்ற வண்டல்ல தூர்ந்துடும், திரும்ப டெண்டர், திரும்ப பொக்லைன். பாலத்துக்கு கீழ மண்மேடு அடைச்சிருந்தா அத எடுக்குறது வேற, அது நியாயமான வேலை.

நேராக்குறது இன்னும் மோசம், உங்க தண்ணி வேகமா போய் கீழ இருக்குறவங்க வீட்டுல ஏறும். ஃபுளோரிடால கிஸ்ஸிம்மீ ஆறுன்னு ஒண்ணு, வளைஞ்சு வளைஞ்சு 166 கிலோமீட்டர் ஓடினத 1962ல இருந்து 1971க்குள்ள 90 கிலோமீட்டர் கால்வாயா வெட்டி விட்டாங்க, வெள்ளத்துக்குன்னு சொல்லித்தான். ஓரத்து சதுப்பு நிலம் காஞ்சுது, தண்ணில ஆக்சிஜன் கொறஞ்சு மீன் போச்சு, வாத்து கொக்கெல்லாம் போச்சு. கடைசில 1999ல ஆரம்பிச்சு 2021 வரைக்கும் அதே கால்வாய்ல ஒரு பகுதிய மண்ணு போட்டு மூடி பழைய வளைவ திரும்ப கொண்டு வந்தாங்க. வெட்டின காச விட மூடின காசு பல மடங்கு!

இப்ப மீன் விஷயம். சால்மன், ட்ரவுட் மாதிரி மீனெல்லாம் வாலால அடிச்சு சரளைக்கல்ல பறிச்சு, அந்தக் குழில முட்டைய விட்டு, மேல கல்ல தள்ளி மூடிட்டு போயிடும். கல்லு இடுக்குல ஓடுற தண்ணிதான் அந்த முட்டைக்கு மூச்சு, மேல வண்டல் படிஞ்சா எல்லாம் செத்துடும். குஞ்சு வெளிய வந்தப்புறம் வெள்ளம்னா பக்கத்து கிளை வாய்க்கால்ல, சாஞ்ச மரத்துக்குப் பின்னாடி, வேகம் இல்லாத எடத்துல போய் ஒதுங்கும். அதாவது குஞ்சு தேடுற அந்த அகலமான, நிதானமான எடமும், உங்க வீட்டுக்கு வராம வெள்ளம் போய் நிக்கவேண்டிய எடமும் ஒண்ணேதான். கரைய பின்னாடி தள்ளினா ரெண்டு பேருக்கும் எடம் கெடைக்குது.

நெதர்லாந்துல 1995 வெள்ளத்துல ரெண்டரை லட்சம் பேர வெளியேத்தினாங்க. அதுக்கப்புறம் நைமேகன் ஊர்ல வால் (Waal)ங்கிற ஆத்தோட கரைய 350 மீட்டர் பின்னாடி தள்ளி, பக்கத்துலயே புதுசா ஒரு வாய்க்கால் வெட்டினாங்க, வெள்ள மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் கொறையுற மாதிரி. கேக்க கம்மியா தெரியும், வாசப்படில நின்னு பாத்தவங்களுக்குத்தான் 35 சென்டிமீட்டர்னா என்னன்னு புரியும். ஆனா அதுக்காக 50 வீடு வரைக்கும் இடிக்க வேண்டி வந்துது, இதையும் சொல்லித்தான் ஆகணும், நெலம் இல்லாத நெருக்கமான ஊர்ல இது நடக்காது.

இதவிட சின்ன செலவுல முடியுற ஒண்ண யாரும் கண்டுக்கறதில்ல, ரோட்டுக்கு அடில போற கல்வர்ட் குழாய். குழாய் சின்னதா இருந்தா ரெண்டு கிளையும் கொஞ்சம் குப்பையும் போதும், வாய் அடைச்சு தண்ணி ரோட்டு மேல ஏறிடும். அந்தப் பக்கம் போய் பாருங்க, குழாய் முனைலேர்ந்து தண்ணி அருவி மாதிரி விழுந்து கீழ குழி பறிச்சிருக்கும், மீன் அதுல எம்பி எம்பி ஏற முடியாம நிக்கும். அத தூக்கிட்டு ஆத்த விட அகலமா, அடில ஆத்து மண்ணே இருக்குற மாதிரி சின்ன பாலம் போட்டா ரெண்டு பிரச்சனையும் ஒரே வேலைல தீரும். விழுந்த மரமும் அப்படித்தான், பாலத்துகிட்ட இருந்தா எடுக்கணும், மத்த எடத்துல விட்டுடலாம்.

அதனால அடுத்த மீட்டிங்ல மீனா மனுஷனான்னு சண்ட போடாதீங்க, அவங்களும் அதுக்கு ரெடியா ஒரு பதில் வச்சிருப்பாங்க. என் வீட்டுகிட்ட வெள்ள மட்டம் எத்தன சென்டிமீட்டர் கொறையும், எவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு, கீழ இருக்குற ஊருக்கு என்ன ஆகும், முட்டை போடுற மாசத்த தவிர்த்து வேலை எப்ப முடியும்னு கேளுங்க. நம்பர் சொல்லாம மழுப்பினா அப்ப கோவப்படுங்க.

இன்னொண்ணு, போன வெள்ளத்துல சுவத்துல ஒரு சேத்துக்கோடு விழுந்திருக்குமே, அத வெள்ளையடிச்சு மறைக்காதீங்க. டேப் வச்சு தரைலேர்ந்து எத்தன சென்டிமீட்டர்னு அளந்து, தேதியோட போட்டோ எடுத்து அவங்ககிட்ட குடுங்க, கம்ப்யூட்டர்ல ஓட்டுற வெள்ள மாடல் சரியான்னு பாக்க எஞ்சினியருங்க தேடுறதே அந்த மாதிரி கோட்டதான்.