கடல் உங்கள் இடக்கைப் பக்கம்: கரையோரப் பயணக் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு எத்தனை மணி நேரத்தில் போகலாம் என்பதாகவே இருக்கும். இந்த முறை வந்தவை வேறு மாதிரி. வழியில் இருக்கும் ஊர்களைப் பற்றி, அங்கே வாழ்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பலமுறை போயிருக்கிறோம். பெயர்தான் கடற்கரைச் சாலை, கடலே கண்ணில் படுவதில்லை. எங்கே நிறுத்திப் பார்ப்பது? (வேளச்சேரி)

நீங்கள் சொல்வது சரி. சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு, மதில் சுவர், குப்பம் என்று ஏதாவது ஒன்று மறைத்துக்கொண்டே வரும். ஆனால் தெற்கே போகும்வரை கடல் உங்கள் இடக்கைப் பக்கத்தில்தான் இருக்கிறது. இடப்பக்கம் பிரியும் சிறு சாலைகளில் இறங்கினால்தான் அது கிடைக்கும்.

முட்டுக்காடு பாலத்தில் உப்பங்கழி கடலோடு சேருமிடம் தெரியும். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தாண்டிப் போய் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், உள்ளே சித்திர வேலை செய்த கல்லறைப் பலகைகளும் இருக்கின்றன. 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதிக்கொண்டது இந்த ஊருக்கு எதிரே உள்ள கடலில்தான். அரை மணி நேரம் போதும்.

நேரம் ஒதுக்க வேண்டிய இடம் ஆலம்பரை. கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் சாலை தென்னைகளுக்கும் மீனவர் வீடுகளுக்கும் நடுவே போய்க் கோட்டையின் காலடியில் முடிந்துவிடும். முகலாயர் காலத்துக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக மிச்சம் நிற்கும் சுவரின் நிழலில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் அசையாத கழி, அதற்கப்பால் ஒரு மணல்திட்டு, அதற்கும் அப்பால் நுரைத்துக்கொண்டிருக்கும் கடல். ஒரே பார்வையில் மூன்று நிறம். சென்ற மாசியில் நான் போனபோது, சுவரோரம் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். கண் கடல்மேல் இருந்தது; கைதான் முடிச்சைப் பார்த்தது. ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்தேன், நாங்கள் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது.

இந்தப் பகுதியின் பழைய பெயர் இடைக்கழி நாடு. சங்க காலத்திலேயே இந்தக் கரையோர வழியைப் பாணருக்குச் சொல்லித்தரும் ஆற்றுப்படைப் பாடல் நம்மிடம் இருக்கிறது. எயிற்பட்டினத்துக்குப் போனால் பரதவர் சுட்ட குழல்மீன் கொடுப்பார்கள் என்று அது வழி சொல்கிறது. மரக்காணமே அந்த எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதே மரக்காணத்தில், பக்கிங்காம் கால்வாயின் தென்முனையருகே, இன்று உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. மழை ஓய்ந்து வெயில் ஏறிய பிறகு போனால், நீண்ட கோலில் பொருத்திய மரப்பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையில் குவிப்பதைப் பார்க்கலாம். வரப்பில் ஏறும்முன் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். செருப்பு மண் விழுந்தால் பாத்தி கெட்டுப்போகும். அது அவர்கள் கூலி.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது, மகளுக்கு எட்டு. பொங்கல் விடுமுறையில் நான்கு நாளில் கோடியக்கரை வரை போய்வரலாமா? (அம்பத்தூர்)

வண்டி போய்வரும், உங்கள் பெற்றோர் களைத்துப்போவார்கள். கோடியக்கரை சென்னையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். கரையோர வழியில் ஊருக்கு ஊர் வேகம் குறையும். அகலப்படுத்தும் வேலையால் மாற்றுப்பாதைகளும் வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இராது.

தரங்கம்பாடியோடு திரும்பிவிடுங்கள் என்பேன். முதல் நாள் சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை பார்த்துவிட்டுப் புதுச்சேரியில் தங்கல். இரண்டாம் நாள் விடியலில் கிளம்பிப் பிச்சாவரம், மாலைக்குள் தரங்கம்பாடி. மூன்றாம் நாள் எங்கும் போக வேண்டாம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழை அச்சில் ஏற்றியதும் இந்த ஊரில்தான். கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாமே நடக்கும் தொலைவு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் பெரியவர்களுக்கு ஒரு தூக்கம். உங்கள் மகள் கோட்டை வாசலிலேயே விளையாடிக்கொண்டிருப்பாள்.

ஒரு எச்சரிக்கை. காணும் பொங்கல் அன்று ஈசிஆரில் கால் வைக்காதீர்கள். மாமல்லபுரத்தைத் தாண்டவே பாதி நாள் போகும். முடிந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளுங்கள்.

கோடியக்கரைக்கு என்று தனியாக ஒரு முறை போங்கள். வெளிமானுக்காக 1967இல் அமைந்த சரணாலயம் அது. பனிக்காலத்தில் பூநாரைகள் வரும். பக்கத்தில் வேதாரண்யம், 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. வானம் கழுவிவிட்டது போல் இருக்கும், ஏரிகளில் தண்ணீர் நிற்கும், பறவைகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி இல்லாத நாள் பார்த்து ஒருநாள் பயணம் போகலாம், ஓட்டலுக்கு முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் போனால் காலை ஒன்பதுக்குள் கடற்கரை வேலையை முடித்துவிட வேண்டும்.

மீனவ கிராமத்தில் ஒருநாள் இருந்து, அவர்கள் வாழ்க்கையைப் பார்த்து, புதிதாக மீன் வாங்கிச் சாப்பிட ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது? (அண்ணா நகர்)

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குப்பத்தின் மணல் அவர்கள் வீட்டு முற்றம். அங்கேதான் வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, குழந்தைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் தூங்குகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு வராந்தாவில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

அதனால் வண்டியை ஊருக்கு வெளியே, கோயில் அருகிலோ டீக்கடை அருகிலோ நிறுத்துங்கள். டீ குடியுங்கள். “அண்ணா, இங்கே வண்டி நிற்கலாமா, கரைக்குப் போகலாமா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் போனதற்காக யாரும் என்னை இதுவரை துரத்தியதில்லை. “இன்று மீன்பாடு எப்படி?” என்று விசாரித்தால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். காய்கிற வலையைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். படம் எடுக்கும்முன் முகத்தைப் பார்த்து அனுமதி கேளுங்கள், பெண்களிடம் கட்டாயமாக.

மீன் வேண்டுமென்றால் விடிந்ததும் போங்கள். படகு கரையேறியதும் கூடை கூடையாக ஏலம் போகும். ஏலத்தில் கையை நுழைக்க வேண்டாம். எடுத்து விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். அவர்கள் பிழைப்பே அந்தச் சிறு லாபம்தான், அங்கே போய் மல்லுக்கு நிற்காதீர்கள். எல்லோரும் வஞ்சிரம் கேட்கிறார்கள். நீங்கள் சங்கரா, மடவை, காணாங்கெளுத்தி என்று அன்று கிடைத்ததைக் கேளுங்கள். செவுள் சிவந்து, கண் தெளிந்து இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் அது. சிறு ஃபைபர் படகுகள் கரையருகே போய்வரும், மீன் குறைவு, விலை அதிகம். அந்த இரண்டு மாதம் அங்கே போய் மீன் மலிவாக இல்லையே என்று குறைபட வேண்டாம்.

சமைத்துத் தரும் வீடுகள் சில ஊர்களில் உண்டு. முதல் நாளே சொல்லி, எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி, பணத்தை முன்பே பேசிவிடுங்கள். மதுப்பாட்டிலோடு போகாதீர்கள். பல குப்பங்களில் வெளியாட்களை விடாமல் போனதற்கு அந்தப் பாட்டில்களின் உடைந்த துண்டுகளே காரணம். வெறுங்காலோடு வலை இழுக்கிறவர்கள் அவர்கள்.

மகனும் நண்பர்களும் பைக்கில் புதுச்சேரி போக வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது, விடலாமா? (குரோம்பேட்டை)

பகலில் என்றால் விடுங்கள், அம்மா. இரவில் வேண்டாம். விடியும்போது கிளம்பி வெயிலுக்கு முன் மரக்காணம் தாண்டிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். சாலையோரம் படிந்திருக்கும் மணலில் சக்கரம் வழுக்கும். ஊர் நடுவே ஆடுமாடும் குழந்தைகளும் குறுக்கே வருவார்கள். மரம் இல்லாத கழிவெளியில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். பின்னால் உட்கார்கிறவருக்கும் ஹெல்மெட். இதையெல்லாம் மனதில் வைத்து ஓட்டினால் நல்ல பயணமாக அமையும்.

கூட்டமே இல்லாத கடற்கரை ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம். குளிக்கலாமா?

வேண்டாம். கூட்டம் இல்லாத கடற்கரையில் காப்பாற்றவும் ஆள் இல்லை.

கரைக்கு வந்து குவியும் அலைநீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல் பள்ளமாக இருக்கும் ஒடுக்கமான இடத்தின் வழியே அது வேகமாகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அலை உடையாது, மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அமைதியைப் பார்த்து அங்கேதான் இறங்குகிறார்கள். கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இதே இழுப்பு இருக்கும்.

பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். காலடி மணல் சரிந்தது தெரிந்தது. அடுத்த நொடி கரை தூரத்தில் இருந்தது. கரையை நோக்கி நீந்தி நீந்திக் கை ஓய்ந்தபோது, கட்டுமரத்தில் வந்த ஒருவர் துடுப்பை நீட்டினார். “கரைக்கு நேராக ஏன் நீந்தினாய்? பக்கவாட்டில் போயிருந்தால் விட்டிருக்கும்” என்றார். இழுப்பில் சிக்கினால் செய்ய வேண்டியது அதுதான்: பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் இறங்காமல் இருப்பதே நல்லது. கணுக்கால் நனையட்டும், போதும்.

பிச்சாவரத்தில் படகுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வேறு வழி?

வார நாளில், காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். வாய்க்காலுக்குள் நுழையத் துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் சத்தத்தில் பறவை நிற்காது. கிளைகளைப் பிடிக்க வேண்டாம் என்று குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அந்தக் காட்டில் இருக்கிறது. அதன் பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து.

மகன் கடல் ஆமை பார்க்க வேண்டும் என்கிறான்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் ஏறி முட்டையிடும். நீங்களாக டார்ச் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். தன்னார்வலர்கள் நடத்தும் இரவு நடையில் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். ஆமை வராத இரவுகளும் உண்டு என்பதை மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் தெற்கே போகிறார்கள். வடக்கே எதுவும் இல்லையா? (தண்டையார்பேட்டை)

பழவேற்காடு இருக்கிறது! பொன்னேரி வழியே ஒரே நாளில் போய்வரலாம். சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. ஏரியில் எந்த ஊர், எந்த நாளில், எங்கே வலை போடலாம் என்று மீனவர்களே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. பெரியவர் யாரையாவது கேட்டால் விளக்கமாகச் சொல்வார். பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை அவர்களிடமே வாங்குங்கள். படகுக்கு யாரையும் வற்புறுத்தாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று உலாப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த துயரத்தை அந்த ஊர் மறக்கவில்லை. பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும்.

கார் இல்லை, பைக் இல்லை. பஸ்ஸில் முடியுமா? (பெரம்பூர்)

தாராளமாக. புதுச்சேரி பஸ்ஸில் ஏறும்முன் ஈசிஆர் வழியா என்று கேளுங்கள், திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் கடல் பக்கமே வராது. இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்து இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைத்தால் அதில், இல்லையென்றால் நடந்து ஆலம்பரைக்குப் போங்கள். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். நிறுத்தத்தில் இருக்கும் கடைக்காரரிடம் திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.